மூன்று படைகளும் ஒரு கேள்வியும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையோடு கிராமத்து இளைஞனுக்குப் பள்ளிக்கூடம் முடிகிறது. வாழ்க்கைக்கு வழி பிறப்பதில்லை. பல்கலைக்கழகம் புகத் தகுதி பெற்றோருள்ளும் பெரும்பகுதியினருக்கு அங்கே இடமில்லை. வயலில் விளைவது வட்டிக்கடனுக்கே போதவில்லை. வெளிநாடு செல்ல முகவருக்குக் கொடுக்கப் பணமில்லை. இந்நிலையில், உடையும் உணவும் ஊதியமும் தருவதாகச் சொல்லி அவன் முன் திறந்து நிற்கும் வாயில்கள் மூன்று: தரைப்படை, கடற்படை, விமானப்படை.

குருநாகல் மாவட்டத்துச் சிங்களப் பாடசாலை ஒன்றில் நான் இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பிக்கிறேன். பரீட்சை எழுதி முடித்த மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "சேர், மூன்றில் எது நல்லது?" என்று தமிழிலேயே கேட்டான். அவன் தந்தை குத்தகைக்கு வயல் செய்பவர். கடற்படையில் இயந்திரத் தொழில் பழகலாம் என்பது அவன் கணக்கு. விமானப்படையே மதிப்பானது என்பது தாயின் ஆசை. தரைப்படைதான் அதிகம் பேரை எடுக்கும் என்பது அயலவர் கூற்று.

நானோ முல்லைத்தீவுக் கரையோரத்தில் பிறந்தவன். அம்மூன்று படைகளையும் சிறுபருவத்திலேயே அறிந்தவன். தரைப்படை எங்களுக்குச் செல்லடியாக வந்தது. கடற்படை டோறாப் படகாக வந்தது. விமானப்படை கிபிர் இரைச்சலாக வந்து எங்களைப் பதுங்குகுழிக்குள் தள்ளியது. விடுதலைப் புலிகளிடமும் தரை, கடல், வான் என்ற பிரிவுகள் இருந்தன. ஆயினும் போரின் இறுதியாண்டுகளில் வன்னியில் எவரும் எங்களிடம் எது விருப்பம் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு ஒருவரைப் பிடித்துச் சென்றனர். அங்கே கட்டாயம் செய்த வேலையை இங்கே வறுமை செய்கிறது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது இரு பக்கமும் புதைகுழிகளில் கிடந்தோர் பெரும்பாலும் ஏழைகளின் பிள்ளைகளே.

இப்படைகளின் வரலாற்றையும் மறந்துவிடலாகாது. 1949 இல் தரைப்படையும், 1950 இல் கடற்படையும், 1951 இல் விமானப்படையும் அமைந்தன. 1971 ஏப்ரலில் அவை களமிறக்கப்பட்டது அந்நியப் படையெடுப்பை எதிர்க்கவா? இல்லை. கிளர்ந்தெழுந்த தென்னிலங்கை இளைஞரை அடக்கவே. சுட்டவனும் சுடப்பட்டவனும் ஒரே விதமான ஓலைக் குடிசையிலிருந்து வந்தவர்கள்.

இவற்றையெல்லாம் அவன்மீது கொட்டி, "எதிலும் சேராதே" என்று சொல்வது எனக்கு எளிது. எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. அவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். ஆகவே, ஒவ்வொரு வாயிலிலும் நான்கு கேள்விகள் கேட்கும்படி சொன்னேன். எத்தனை ஆண்டுக்குக் கையொப்பம் இடவேண்டும்? சீருடையைக் கழற்றும் நாளில் கையில் என்ன தொழில் இருக்கும்? அங்கம் இழந்தால் குடும்பத்தை யார் பார்ப்பார்? துப்பாக்கியை யாரை நோக்கித் திருப்பும்படி கட்டளை வரும்? அவன் சிறிது யோசித்து, "இவ்வளவும் கேட்டால் என்னை எடுக்கமாட்டார்கள், சேர்" என்றான். அவன் சிரிக்கவில்லை.

அக்கேள்விகள் வீணானவையல்ல. தரைப்படையின் அங்கீகரிக்கப்பட்ட தொகையான 2,00,783 பேரை 2030 அளவில் 1,00,000 ஆகக் குறைக்கப்போவதாக 2023 சனவரியில் அரசே அறிவித்தது. போர்க்காலத்தில் வீரர் என்று புகழப்பட்டோர் பொருளாதார நெருக்கடியில் செலவுக் கணக்காக மாறினர். ஓய்வுபெற்ற சிப்பாய்கள் சிலர், பெருஞ்சம்பள வாக்குறுதியை நம்பி ருஷ்ய - உக்ரேன் போர்முனைக்குச் சென்றனர். அவர்களுள் குறைந்தது 16 பேர் மாண்டனர் என்று 2024 மே மாதத்தில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் தெரிவித்தார். ஆயுதம் தவிர வேறு தொழில் கற்பிக்கப்படாதவன் பிறர் போரிலும் கூலியாகிறான்.

ஆகவே, மூன்றில் எது நல்லது என்ற வினாவை மாணவனிடம் மட்டும் விட்டுவிடுவது நீதியாகாது. மூன்றைத் தவிர நான்காவது வாயில் ஏன் இல்லை என்ற வினா நம்முடையது. கிராமந்தோறும் தொழில்நுட்பக் கல்வி, உழவனுக்குக் கடன் நிவாரணம், படித்தவனுக்கு வேலை: இவற்றுக்காகச் சிங்கள ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் ஒன்றாகக் குரல் கொடுக்கவேண்டும். வேறு வழிகளும் திறந்திருக்கும்போது ஒருவன் படையைத் தேர்ந்தால், அதனை அவன் தெரிவு என்று மதிக்கலாம். பசி காட்டிய வழியில் செல்பவனை விருப்பத்தோடு சென்றவன் என்று எழுதிவைக்கும் பொய்க்கு நாம் துணைபோகலாகாது.