கண்ணிழந்த தோழர் நடந்த வழி

சென்னையின் வடகோடியில், கடற்கரையை ஒட்டி அமைந்த பழம்பதி திருவொற்றியூர். மெட்ரோ ரயிலில் வருவோர் தேரடி நிலையத்தில் இறங்கித் தியாகராஜசுவாமி திருக்கோயிலை அடையலாம். புற்று வடிவினரான ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்தினுள் எழுந்தருளியிருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்களில் மட்டுமே கவசமின்றிக் காட்சி தருகிறார். இறைவனையும் வடிவுடையம்மனையும் தரிசித்தபின் அன்பர்கள் மகிழ மரத்தடியில் சற்றே நின்று வணங்குவது வழக்கம். சங்கிலியாரைப் பிரியேன் என்று சுந்தரமூர்த்தி சுவாமிகள் சூளுரைத்தது அந்த மகிழடியில்தான். மாசிப் பெருவிழாவில் இன்றும் அந்நிகழ்ச்சி மகிழடி சேவையாக நடைபெறுகிறது.

அந்தச் சூளுறவு நிலைக்கவில்லை. வசந்த காலம் வந்தது. திருவாரூரில் நிகழும் விழாவின் நினைவு சுந்தரரை ஈர்த்தது. ஒற்றியூரின் எல்லையைக் கடந்த அளவிலேயே இரு கண்களும் ஒளி இழந்தன என்கிறது பெரியபுராணம். திரும்பிச் செல்லாமல், பார்வையற்றவராகவே அவர் ஆரூர் நோக்கி நடந்தார். வழியெங்கும் பாடினார். ஏழாம் திருமுறையில் அமைந்த 100 பதிகங்களுள் அந்தப் பயணத்தின் பாடல்களைப் போல முதுமையின் நெஞ்சைத் தொடுபவை வேறு அரிது. அவற்றுள் நான்கினை, அவை பிறந்த தலங்களின் வரிசையிலேயே ஓதிச் சென்றால், பாடுகின்றவரின் உள்ளம் எதை நம்பியது, எதை ஏற்க மறுத்தது என்பது படிப்படியாக விளங்கும்.

முதல் பதிகம் ஒற்றியூருக்கு உரியது. அதில் வலியை மறைக்கும் முயற்சி சிறிதும் இல்லை. கண்ணிழந்தபின் வீட்டுப் பெண்கள்கூடத் தம் சொல்லை மதியாமல் குருடன் என்று விரட்டுவதைப் பொறுக்க இயலவில்லை என்கிறார். மக நட்சத்திரத்தில் புகுந்த சனியைப் போல இறைவன் தமக்கு ஆகிவிட்டான் என்கிறார். மூன்று கண் உடையவன் அடியவனின் கண்ணைப் பறித்துக்கொள்வதுதான் கணக்கு வழக்கு என்றால், ஊன்றிக்கொள்ள ஒரு கோலையேனும் தரக்கூடாதா என்று கேட்கிறார். பார்வை மங்கிய முதியவர் எவரும் தம் வீட்டுக் கூடத்தில் உணர்ந்த வேதனையே அங்கே பதிகமாகியிருக்கிறது.

அதே பதிகத்தில், சங்கிலியாரின் பெயரைச் சொல்லிப் பாடும் இடத்தில், அவர் ஒரு நுட்பமான வேறுபாட்டையும் செய்கிறார். தாம் பொய்த்தவராகவே இருந்தாலும் திருவடிக்குப் பிழை செய்யாதவர். பிழை செய்தவராகவே இருந்தாலும் திருவடிக்கு அடிமைதான் என்பது அவ்விடத்தின் கருத்து. பிழை ஒரு கணக்கு. அடிமைத்திறம் வேறொரு கணக்கு. ஒன்றில் பற்று ஏறியதால் மற்றொன்று முடிந்துவிடாது. இந்த இடம் பின்னால் ஆரூரில் தேவைப்படும்.

அடுத்த தலம் திருவெண்பாக்கம். இன்று அன்பர்கள் அத்தலத்து இறைவனைப் பூண்டியில் தரிசிக்கின்றனர். குசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய கோயில் இருந்த இடம் நீர்ப்பரப்புக்குள் அடங்கியது. ஆகவே ஊன்றீசுவரர் பூண்டியில் எழுந்தருள நேர்ந்தது. சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் பெற்ற அந்நீர்த்தேக்கத்தின் அருகில், திருவள்ளூரிலிருந்து எளிதில் சென்றடையும் தூரத்தில் கோயில் இருக்கிறது. கோலுடன் நிற்கும் சுந்தரரும், கொம்பு ஒடிந்த நந்தியும் அங்கே காணத்தக்கவை. கண் கேட்டவருக்குக் கோல் கிடைத்ததும் சினந்து அதனை வீச, நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது தலத்தில் வழங்கும் வரலாறு.

பெரியோர் மன்னிப்பர் என்ற நம்பிக்கையால் தாம் பிழை செய்துவிட்டதாக வெண்பாக்கப் பதிகத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். பழி வரும் என்றும் பாராமல் இறைவன் தம் கண்ணைப் படலத்தால் மறைத்தான் என்று முறையிடுகிறார். கோயிலுக்குள் இருக்கிறீரா என்று வினவியதற்கு, இருக்கிறோம், நீர் போகலாம் என்ற அளவில் வந்த மறுமொழியையும் பதிகத்திலேயே பதிவு செய்கிறார். கேட்போருக்கு அது வாசலில் நிற்பவரை அனுப்பிவைக்கும் சொல்லாகவே படும். சுந்தரருக்கும் அது வருத்தமே தந்தது. ஆயினும் அம்மறுமொழியில் இரண்டு செய்திகள் அடங்கியிருந்தன. இறைவன் உள்ளே இருக்கிறான் என்பது ஒன்று. பயணம் அங்கே முடியவில்லை என்பது மற்றொன்று. இல்லாதவனை எவரும் ஏசுவதில்லை. பதிகம் முழுவதும் சினம் இருக்கிறது. ஐயம் எங்கும் இல்லை.

அங்கிருந்து திருவாலங்காட்டை வணங்கிக் காஞ்சிபுரம் சேர்ந்தார். ஏகாம்பரநாதர் சந்நிதியில் இடக்கண் ஒளி பெற்றது. கம்பையாற்றங்கரையில் அம்பிகை வழிபட்ட பெருமானைக் காணத் தமக்குக் கண் கிடைத்த வியப்பையே அந்தப் பதிகம் மீண்டும் மீண்டும் சொல்கிறது. இன்னும் ஒரு கண் வரவேண்டும் என்ற பேச்சே அங்கு எழவில்லை. பாதி கிடைத்த வேளையில் பாதிக்கு முழு நன்றி செலுத்தும் பண்பை அங்கே காணலாம்.

மீதிப் பாதியை அவர் விட்டுவிடவும் இல்லை. வேறு பல தலங்களை வணங்கித் திருவாரூரை அடைந்தார். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று புகழப்படும் ஊர் அது. கமலாலயத்தின் படித்துறையில் நின்று கோபுரத்தைக் காணும் முதியவர்கள், அக்காட்சிக்காகவே ஒருவர் இத்தனை தொலைவு இருளில் நடந்தார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இங்கே பாடிய பதிகத்தில்தான் அவருடைய சொல் உச்சத்தை எட்டுகிறது. அடியவர் உள்ளே கனன்று, முகம் வாடித் தம் துயரைச் சொல்லும்போதும் வாளாவிருக்கும் இறைவனே நன்றாக வாழட்டும் என்று ஒவ்வொரு பாடலும் முடிகிறது. சொல்லால் வாழ்த்து, பொருளால் கண்டனம்.

அதைவிட வியப்பு, தாம் குற்றம் ஒன்றும் செய்ததில்லை என்று ஆரூரில் அவர் சாதிப்பதுதான். வெண்பாக்கத்தில் பிழையை ஒப்புக்கொண்டவர் இங்கே மறுப்பது முரண்பாடு அல்லவா? விடை அந்தப் பாடலிலேயே இருக்கிறது. இறைவன் விரும்பினால் தம்மை விற்றுக்கொள்ளலாம், தாம் ஒற்றிப் பொருள் அல்லர் என்கிறார். ஒற்றி என்பது கடனுக்கு ஈடாகச் சொத்தை மற்றொருவர் அனுபோகத்தில் விடுவது. கடன் தீர்ந்தால் சொத்து உரியவருக்கே மீளும். ஒற்றி பிடித்தவருக்கு அதனை விற்கும் உரிமை இல்லை. முழு உரிமை உடையவரே விற்க இயலும். விற்கவும் உரியவன் நீ என்று சொல்வதன் வாயிலாக, தம்மிடம் தமக்கென எந்தப் பாத்தியதையும் மிச்சமில்லை என்கிறார் சுந்தரர். திருவெண்ணெய்நல்லூரில் ஆவண ஓலை காட்டி ஆட்கொண்டவனிடம் இதைவிடப் பொருத்தமாக வழக்குரைக்க முடியாது. சங்கிலியாருக்குத் தந்த வாக்கில் பிழை உண்டு. அதை அவர் எங்கும் மறைக்கவில்லை. ஆனால் விரும்பி ஆட்பட்ட அந்த அடிமைத்திறத்தில் பிழை இல்லை. ஒற்றியூரில் பிரித்துச் சொன்ன இரண்டு கணக்குகள் ஆரூரில் பயன்படுவது இப்படித்தான். உடைமைக்கு ஊனம் வந்தால் பழி உடையவனுக்கே என்று அவர் துணிந்து கூறுகிறார்.

இறைவனை இவ்வாறு கடிந்து பேசலாமா என்ற கலக்கம் பல முதியவர்களுக்கு உண்டு. துணையை இழந்த பின், நோயில் கிடந்தபின், மனத்துக்குள் எழும் ஒரு கேள்வியையே அபசாரமென்று அஞ்சிப் பூஜையறையில் தலைகுனிந்து நிற்போர் பலர். ஆரூர்ப் பதிகத்தில் வரும் ஓர் உவமை அவர்களுக்கு ஆறுதல் தரும். கன்று மடியை முட்டி உண்ணப் பசு பால் சுரப்பதை அங்கே சுந்தரர் எடுத்துக்காட்டுகிறார். கன்று முட்டுவது தாயை வருத்தும் நோக்கத்தால் அன்று. பசியாலும் உரிமையாலும் முட்டுகிறது. வேறொரு பசுவிடம் அது போய் முட்டுவதும் இல்லை. வன்தொண்டர் என்று பெயர் பெற்ற அடியவரின் வன்சொல் அத்தகையது. அச்சொல்லைக் கேட்டபின் மறுகண்ணும் ஒளி பெற்றது.

இத்தலங்களை வரிசையாகத் தரிசிக்க விரும்புவோர் முதல் நாள் காலை ஒற்றியூரிலும் மாலை பூண்டியிலும் வழிபட்டு, மறுநாள் காஞ்சிபுரம் செல்லலாம். நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதை மனத்தில் கொள்வது நலம். ஆரூருக்குத் தனியே இரண்டு நாள் ஒதுக்கவேண்டும். தேவாரப் புத்தகத்தின் எழுத்து கண்ணுக்குப் புலப்படாதவர்கள், உடன் வரும் பேரனையோ பேத்தியையோ அந்தந்தச் சந்நிதியில் அந்தந்தப் பதிகத்தை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். கண்ணில்லாமல் பாடப்பெற்ற பதிகங்கள் அவை. கேட்பதற்கும் கண் தேவையில்லை.