புளியிட்டுத் துலக்கிய நாணயம்

திண்டிவனத்தில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின், வயது முதிர்ந்த தாய் ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளி ரூபாயை என் கையில் வைத்தார். விக்டோரியா அரசியின் உருவம். 1862 எனும் ஆண்டு. "பழைய காசுக்கு இலட்சக்கணக்கில் தருகிறார்களாம், சாமி. பேத்தியின் செவிலியர் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும்" என்றார்.

கறுத்துக் கிடந்த காசை அன்றிரவே புளியிட்டுத் தேய்த்தேன், பளபளத்தது. மறுநாள் விழுப்புரத்தில் பழங்காசு வாங்குபவர் ஒருவரிடம் காட்டினேன். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே நோக்கியவரின் முகம் வாடியது. "துலக்கிவிட்டீர்களே, சாமி!"

அவர் விளக்கியதன் சாரம் இதுவே: வயது மட்டும் காசுக்கு விலை தராது. 1874இல் ஆண்டு மாறும்வரை ரூபாய்கள் 1862 என்றே பொறிக்கப்பட்டு அச்சாயின. ஆகவே அவை ஏராளம். அதற்கு 77 ஆண்டு இளையதான 1939ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயோ மிக அரிது; விலையும் மிகுதி. அடுத்தது காசின் நிலை. அரசியின் ஆடைப் பூவேலை தேயாதிருக்கிறதா என நோக்குவர். காலம் படியவைத்த கருமை குறையன்று. மேற்பரப்பை எவரும் சிதைக்கவில்லை என்பதற்கு அது சான்று. துலக்கினால் சான்று மறைந்து கீறல்களே எஞ்சும். எப்படியும் இலட்சம் வந்திராது. ஆயினும் சேகரிப்போர் கூட்டித் தரும் சிறு தொகையை நான் தேய்த்து அழித்திருந்தேன். எஞ்சியது வெள்ளியின் எடைக்கான விலையே.

மாலையில் அந்தத் தாயிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பணம் போகட்டும், சாமி. அவர் சாகுமுன் கொடுத்தது. இப்போது யாருடைய காசோ போல் இருக்கிறது" என்றார். நான் தலைகுனிந்தேன். பேத்தியின் கட்டணத்துக்குப் பங்கு மக்களிடம் கையேந்துவது என் கடமையாயிற்று.

ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளை நினைத்துக்கொண்டேன். மன்னர் அலெக்சாந்தர் யன்னேயு (கி.மு. 103–76) காலத்துச் சிறு வெண்கலக் காசுகள் இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. கைம்பெண் இட்டவை அத்தகையவையே என்பர். அருமை, நிலை எனும் இரு அளவையிலும் அவை கடைநிலை. ஆண்டவரோ காசை நிறுக்கவில்லை; கொடுத்தவளின் வறுமையை நிறுத்தார்.

குருவான நாள்முதல் எத்தனை உள்ளங்களைப் புளியிட்டுத் தேய்த்திருப்பேன்! துயரத்தில் கறுத்த விசுவாசத்தை அழுக்கென எண்ணி, மறையுரையால் பளபளப்பாக்க முனைந்திருக்கிறேன். கழுவ வேண்டிய அழுக்கும் உண்டு. தொடாமல் போற்ற வேண்டிய கருமையும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியும் வரத்தையே இப்போது வேண்டுகிறேன்.