ஊதா மூடிக்கு முன் நீல மூடி

திருச்சி தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் ரத்தப் பரிசோதனைக் கூடங்களின் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால், அவை எல்லாம் இயந்திரத்தின் பெருமையையே பேசுவது தெரியும்: முழுத் தானியங்கிக் கருவி, கணினி முடிவு, அன்றே ரிப்போர்ட். ஊசி குத்துகிறவரைப் பற்றி நான் பார்த்த பலகை எதுவும் பேசவில்லை. முடிவின் தரம் பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது என்பது என் வாதம். இத்தாலியின் பதுவா நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் பிளெபானியும் கராரோவும் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், அகப்பட்ட பிழைகளில் 68 விழுக்காடு ரத்தம் இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே நேர்ந்தவை. இயந்திரக் கட்டத்தில் நேர்ந்தவை 13 விழுக்காடுதான். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவி, தனக்குக் கொடுத்த ரத்தத்தைத்தான் அளக்கும். கெட்டுப்போன ரத்தத்தையும் அதே துல்லியத்தோடு அளந்து தரும் என்பதுதான் சங்கடம்.

ரத்தம் எடுப்பவரின் தட்டைக் கிட்டத்தில் பார்த்தால் இது விளங்கும். நீல மூடி டியூபில் சிட்ரேட் இருக்கிறது. அதில் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு, கோடு வரை நிரம்பியே ஆகவேண்டும். குறைந்தால் ரத்தம் உறையும் நேரம் கூடுதலாகக் காட்டும். இதய வால்வு மாற்றி, உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மருத்துவர் அந்த எண்ணை நம்பி அளவைக் குறைத்துவிடக் கூடும். சிவப்பு, மஞ்சள் மூடிகள் சீரத்துக்கு. ஊதா மூடியில் இருப்பது பொட்டாசியம் கலந்த ஈ.டி.டி.ஏ. சாம்பல் மூடியில் சர்க்கரைக்கான ஃபுளோரைடு. நிரப்பும் வரிசையும் இதேதான்: நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பிறகு ஊதா, கடைசியில் சாம்பல். ஊதாவை முதலில் நிரப்பி அதே ஊசியால் சிவப்புக்குப் போனால், ஒட்டிக்கொண்ட சிறு துளியே பொட்டாசியத்தை ஏற்றி, கால்சியத்தை இறக்கிக் காட்டப் போதும். "கையை மூடி மூடித் திறங்க" என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறார்களே, அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தாலும் அளவுகள் மாறும். சிறுநீரக நோயாளி ஒருவரின் பொட்டாசியம் பொய்யாக ஏறினால் வீண் பயம், வீண் ஈ.சி.ஜி., மறுபடி ஒரு குத்து. செலவும் வலியும் அவருக்குத்தான்.

இத்தனை வருஷம் சாதாரண சிரிஞ்சில் எடுக்கவில்லையா, விலை கூடிய வேக்குவம் டியூப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதி, சித்திரை வீதி வீடுகளில் ரத்தம் கொடுப்பவர்களில் முதியவர்கள் நிறைய. எண்பது வயது நரம்பு, டியூபின் வெற்றிட இழுப்பில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அங்கே 23 கேஜ் பட்டர்ஃபிளை ஊசியும் சின்ன சிரிஞ்சும்தான் சரி. (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெலியும், புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான்.) "மாமி, கையை நீட்டியே வெச்சுக்கோங்க" என்று சொல்லி, மெதுவாக இழுக்கத் தெரிந்தவருக்குச் சிரிஞ்சு குறையே இல்லை. எடுத்த ரத்தத்தை ஊசியோடு டியூபுக்குள் அழுத்திப் பீய்ச்சும்போதுதான் சிவப்பணுக்கள் உடைகின்றன. சீரம் சிவந்து, பொட்டாசியம் மறுபடியும் ஏறுகிறது. ஆக, எந்தச் சாமான் உசத்தி என்பதில்லை. எந்தக் கைக்கு எது என்று முடிவு செய்யும் பழக்கம்தான் தொழில். அந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் வருவதில்லை.

வீட்டுக்கே வந்து எடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. படியிறங்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் காவிரிப் பாலம் தாண்டி ஸ்கூட்டர் பெட்டியில் போகும் ரத்தத்துக்கு நேரமும் வெயிலும் எதிரிகள். சாதாரண டியூபில் நின்றால் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறையும். சூட்டில் இன்னும் வேகமாக. சாம்பல் மூடி அதைத் தடுக்கும் என்றாலும், முதல் ஒரு மணி நேரத்தில் முழுதாகத் தடுப்பதில்லை. வெற்று டியூபுகளையே 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். திருச்சி மே மாதத்தில் 40ஐத் தாண்டும். ஐஸ் பேக் போட்ட பெட்டி, காலாவதித் தேதி பார்த்த டியூப், பத்து வீடு முடியும்வரை காத்திருக்காமல் ஆய்வகம் திரும்புவது: இவை வசதிகள் அல்ல, பரிசோதனையின் பகுதிகள்.

இதெல்லாம் சிறு கூடங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். வரிசை மாற்றி நிரப்பாமலிருக்கவும், பட்டையை நேரத்தில் அவிழ்க்கவும் காசு வேண்டாம். காசு வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது குத்துகிறவரின் பாதுகாப்பு. தடுப்பூசி போடாதவருக்கு, கிருமியுள்ள ஊசி பட்டால் ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை; எச்.ஐ.வி.க்கு சுமார் 0.3. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் ஊசிக்குத் துளைபடாத வெள்ளைப் பெட்டி, சிரிஞ்சுக்குச் சிவப்புப் பை, ரத்தம் பட்ட பஞ்சுக்கு மஞ்சள் பை என்று பிரித்தே சொல்கின்றன. வீட்டுக்கு வருபவரின் தோள்பையிலும் அந்தப் பெட்டி இருக்கவேண்டும். இல்லாதபோதுதான் ஊசிக்கு மறுபடி மூடி போடப்போய் விரலில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் பெட்டியும் கொடுக்காத முதலாளி, புதுக் கருவி வாங்கியதைப் பலகையில் போடுவது எனக்கு உவப்பாக இல்லை.

நம் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் ரங்கராஜனும் ரங்கநாயகியும் தெருவுக்குத் தெரு உண்டு. பெயர் ஒட்டாத டியூபுகள் ஒரே பையில் சேர்ந்தால், பிறகு எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது, உங்கள் பெயரும் வயதும் உங்கள் கண்முன்னால் டியூபில் எழுதப்படும்வரை ரத்தம் எடுத்தவரை அனுப்பாதீர்கள்.