ஹவாயின் மடிக் கித்தார்: மூலமும் நகலும்

ஹவாய்த் தீவுகளுக்குச் செல்வோர் பெரும்பாலும் ஒவாகுத் தீவின் வைக்கீக்கிக் கடற்கரையிலேதான் முதலில் உலாவுகின்றனர். அங்கே 1901ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற மொவானா விடுதியின் முற்றத்தில் ஆலமரமொன்று விழுதூன்றி நிற்கின்றது. 1904இல் நட்ட மரம். நம்மூர்க் கோயில் வீதியில் நிற்பதுபோன்ற ஓர் எண்ணம் நமக்கு உண்டாகின்றது. 1935ஆம் ஆண்டிலே ‘ஹவாய் கோல்ஸ்’ என்னும் வானொலி நிகழ்ச்சி இம்மர நிழலிலிருந்துதான் ஒலிபரப்பாகத் தொடங்கியது. 1975 வரை அது நடந்தது. அலையோசைக்கிடையே குழைந்து வரும் ஒரு நாதமே அந்நிகழ்ச்சியின் உயிர். அதுதான் மடியிற் கிடத்தி வாசிக்கும் உருக்குக் கித்தார். நம் இல்லங்களில் ‘ஹவாயன் கித்தார்’ என்று வழங்கும் அதே வாத்தியம்.

தந்தியை விரலால் அழுத்தாது, உருக்குத் துண்டொன்றை அதன்மேல் வழுக்கி நகர்த்தி வாசிப்பதே இதன் முறை. கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஹொனலூலு நகரிலுள்ள பிஷப் அரும்பொருட்சாலை நிற்குமிடத்தில் முன்பு கமேஹமேஹா ஆண்கள் பாடசாலை இருந்தது. 1874இல் பிறந்த யோசேப்பு கெக்குக்கு என்பவர் அங்கே மாணவனாயிருந்தபோது, பாடசாலைத் தொழிற்கூடத்திலே உருக்குத் துண்டொன்றைச் சீராக்கிக்கொண்டு, இம்முறையை வளர்த்தார் என்பர். இந்தியாவிற் பிறந்து, கப்பற்காரரால் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட கபிரியேல் தாவியோன் என்பவர் அவருக்கு முன்னரே இவ்வாறு வாசித்தார் என்று சொல்வோரும் உளர். அவ்வழக்கை நாம் இங்கே தீர்க்கப் போவதில்லை. 1915இல் சான் பிரான்சிஸ்கோவிற் கூடிய பொருட்காட்சி இந்த இசையை அமெரிக்கா முழுவதும் பரப்பிவிட்டது.

கேட்டவர் எல்லோரும் வாசிக்க விரும்பினர். எனவே கருவிகள் பெருகின. அவற்றுள் இரண்டு இன்றும் பெரிதும் நகல் செய்யப்படுகின்றன. மூலக் கருவிகளுட் பல சேகரிப்போரின் பேழைகளுக்குட் சென்றுவிட்டன. கற்க விரும்பும் பிள்ளைக்கு நகலே கதி. ஆகவே நகல் எத்துணை உண்மையானது என்பது வெறும் வியாபார விசாரணையன்று.

முதலாவது, ஜேர்மனியிற் பிறந்து லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே தொழில் செய்து 1937இல் மறைந்த ஹேர்மன் வைசன்போர்னின் கித்தார். ஹவாய்க்கே உரிய கோவா மரத்தால் ஆனது. கழுத்தும் உள்ளே குடைவாய் இருப்பதால், தலை தொடங்கி அடிவரை ஒரே அறையாக ஒலி திரளும். பலகையை மிக மெல்லியதாக இழைத்திருப்பதே இதன் அழகும் ஆபத்துமாகும். உருக்குத் தந்திகளின் இழுவையைப் பல பத்தாண்டுகள் தாங்கிய மூலக் கருவிகளிலே பலகை மேலெழும்பியும் வெடித்தும் காணப்படுவதுண்டு. இன்றைய மலிவான நகல்கள் இதற்கஞ்சிப் பலகையைத் தடிப்பாக்கி, உள்ளே தாங்கு சட்டங்களையும் கனமாக வைக்கின்றன. கருவி உடையாது, ஆனால் ஒலி உள்ளேயே அடைபட்டு நிற்கும். நல்ல கைவினைஞர் மெல்லிதாகச் செய்த நகலோ, வெடித்துத் திருத்திய மூலத்திலும் நன்றாகப் பேசும் என்பது நம் துணிபு. கோவா மரமே வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பதிலும் பயனில்லை. அதன் இனத்ததான அவுஸ்திரேலியக் கருமரமும் இனிமையாகவே ஒலிக்கின்றது.

இரண்டாவது, 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பாக்கர் மின்கித்தார். வட்ட உடலும் நீண்ட கழுத்தும் உடைய இதனைத் தாச்சி என்றே அமெரிக்கரும் அழைத்தனர். நம் அடுக்களையில் இருந்தால் யாரும் ஐயுறமாட்டார்கள். அலுமினியத்தில் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டது. ஜோர்ஜ் போச்சம் வகுத்த இதன் மின்னமைப்பிலே, குதிரை இலாட வடிவான இரண்டு காந்தங்கள் தந்திகளை மேலும் கீழும் அணைத்து நிற்கும். தந்தி அதிரும்போது கீழுள்ள கம்பிச் சுருளிலே மின்னோட்டம் பிறக்கும். இதற்கான உரிமைப் பத்திரம் 1937இல் வழங்கப்பட்டது.

இதன் நகல்களுட் சிலவற்றில் உள்ள ஏமாற்றத்தைச் சொல்லத்தான் வேண்டும். இலாட வளைவு மேலே அலங்காரமாக நிற்கும். காந்தமோ சாதாரண வகையாய்க் கீழே ஒளிந்திருக்கும். வாங்கச் செல்வோர் ஒரு குண்டூசியைக் கொண்டு செல்லட்டும். வளைவு அதனை இழுக்காவிடின் அது வெறும் தோரணமே. உண்மையான இலாடக் காந்தம் தரும் தடித்த, இனிய தொனியை அது தராது. மூலத்திலும் எல்லாம் ஒன்றல்ல: போருக்கு முன் ஒன்றரை அங்குலமாயிருந்த காந்தம், பின்னர் ஒன்றேகால் அங்குலமாகக் குறைந்தது. முன்னதையே வித்துவான்கள் விரும்புவர்.

எனினும் மூலத்தைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. மேடை விளக்கின் வெப்பத்திலே அலுமினியம் விரிய, சுருதி கலையும். இக்குறைக்குப் பரிகாரமாகவே 1935இல் பேக்கலைட்டிலே உடல் வார்த்தனர். மரத்திற் செய்த நகலுக்கு இவ்வாறு சுருதி கலையும் துன்பம் குறைவு. பழைய குற்றத்தையும் சேர்த்து நகல் செய்வதில் என்ன புண்ணியம்?

1970களிலே இத்தீவுகளில் இக்கித்தாரை மடியில் எடுக்கும் இளைஞர் அருகிவிட்டனர். ஒகையோவிற் பிறந்த ஜெரி பைர்ட் என்னும் வித்துவான், 1972இல் ஹொனலூலுவிற் குடியேறி, ஹவாய்ப் பிள்ளைகளுக்கே அவர்களுடைய வாத்தியத்தைக் கற்பித்தார். 2005இல் அங்கேயே காலமானார். அலன் அக்காக்கா முதலிய அவர் மாணாக்கர் இன்று ஆசிரியர்களாய் விளங்குகின்றனர்.

நகரிலிருந்து கடலோரமாய் ஏறக்குறைய 35 மைல் சென்றால் லாயியே என்னும் ஊர். கெக்குக்கு பிறந்த ஊர் அதுவே. தௌ மோ என்ற கலைஞர் வளர்ந்த ஊரும் அதுதான். மனைவி ரோசுடன் 1920களில் புறப்பட்ட அவர், கல்கத்தா உட்படப் பல நாட்டு நகரங்களில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாசித்துத் திரிந்து, முதுமையில் லாயியேக்கே மீண்டார். அவர்கள் 1929இல் தோக்கியோவிற் பதிவு செய்த பாட்டுக்களை, பொப் புரொஸ்மன் என்ற அமெரிக்க இளைஞரின் உருக்குக் கித்தாருடன் மறுபடியும் பாடினர். எண்பதை அண்மித்த பெற்றோருடன் மகன் லானியும் மகள் டோரியனும் சேர்ந்துகொண்டனர். அவ்விசைத்தட்டு 1989இல் வெளிவந்தது.