கேசட்டும் கைப்பேசியும்

1982ஆம் ஆண்டு என் அத்தான் குவைத்துக்கு வெல்டர் வேலைக்குச் சென்றபோது, கடலூர் முதுநகரில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கடிதத்தைவிடக் கேசட்டே மிகுதியாக வந்தது. விடுமுறையில் ஊர் திரும்பும் எவரேனும் ஒருவர் கையில் அதைக் கொடுத்தனுப்புவார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். மறுமொழியாகத் தானும் பேசிப் பதிவு செய்வாள். பல கைகள் மாறிச் செல்லும் பொருள் ஆதலால், மனத்தில் உள்ளதில் பாதியை விழுங்கிவிடுவாள். மூன்று நிமிட வெளிநாட்டு அழைப்புக்கு முன்பதிவு செய்து காத்திருந்த காலம் அது.

அந்த அக்காவின் மகன் 2016இல் சார்ஜாவுக்குப் போனான். அதே ஆண்டு செப்டம்பரில் நம் நாட்டில் இணையத்தின் விலை திடீரெனச் சரியத் தொடங்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2018 தொடக்கத்தில் 150 ரூபாய்க்குள்ளாகவே 28 நாட்களுக்கு, நாள்தோறும் ஒரு ஜி.பி.க்குக் குறையாமல் கிடைத்தது. இனி மகனின் முகத்தை நாள்தோறும் காணலாம் என்று அக்கா புதுக் கைப்பேசி வாங்கினாள். வாட்ஸ்அப்பில் மணி அடித்தது, மகனும் எடுத்தான், குரலும் வரவில்லை, முகமும் வரவில்லை. கருவியில் பழுது என்று கருதிக் கடைக்கு இருமுறை நடந்தேன். கடைக்காரப் பிள்ளைதான் சிரித்துக்கொண்டே சொன்னான்: "பழுது இதில் இல்லை ஐயா. அந்த ஊரில் அதற்கு அனுமதி இல்லை."

ஐக்கிய அரபு அமீரகம் பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சிறியது. ஆயினும் இணையம் எட்டாத நாடு அன்று. ஏறக்குறைய எல்லோர் கையிலும் அது உண்டு. இணையவழிப் பேச்சு, உரிமம் பெற்ற நிறுவனங்களின் வழியாகவே நடைபெற வேண்டும் என்பதுதான் அங்குள்ள விதி. எழுதி அனுப்பலாம், படம் அனுப்பலாம், குரலைப் பதிவு செய்தும் அனுப்பலாம். நேர்ப் பேச்சுக்கு மட்டும் பூட்டு. 2018 ஜனவரியில் அப்பூட்டுக்கு ஒரு சாவி விற்பனைக்கு வந்தது. மாதம் 50 திர்ஹம் கட்டினால், குறிப்பிட்ட சில செயலிகளில் பேசலாம். அன்றைய மதிப்பில் 850 ரூபாய்க்கும் மேல். அதுவும் இணையக் கட்டணத்துக்குப் புறம்பாக. வி.பி.என். என்னும் மறைவழியில் பேசுவோரும் அவன் அறையில் இருந்தனராம். ஆனால் அவ்வழியைக் குற்றத்துக்குப் பயன்படுத்துவோர்க்கு 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2016இல் சட்டம் வந்திருந்தது. பெற்ற தாயிடம் பேசுவது அந்தக் குற்றத்தில் அடங்குமா என்று அவனுக்கு உறுதியாய்ச் சொல்வார் இல்லை.

ஆகவே முப்பத்தாறு ஆண்டுகள் கழித்தும் அக்கா குரலைப் பதிவு செய்தே அனுப்பினாள்.

அவனுடைய அறைத்தோழன் ஒருவன் தூத்துக்குடிப் பிள்ளை. அவன் மட்டும் வயிற்றைக் கட்டி மாதம் 50 திர்ஹம் செலுத்தி வந்தான். 2018 மே 22, 23 நாட்களில் அவ்வூரில் போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். உடனே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. தூத்துக்குடியில் அது திரும்பி வரச் சில நாட்கள் ஆயின. காசு கொடுத்து வாங்கிய சாவி கையிலிருக்க, பூட்டு இம்முறை நம் பக்கத்தில் விழுந்தது. சாதாரணத் தொலைபேசியில் நிமிடத்தை எண்ணி எண்ணிப் பேசி, வீட்டார் நலம் அறிந்தானாம். அரபு நாட்டைப் பற்றி நான் அதுவரை உரக்கப் பேசி வந்த பேச்சு, அன்றோடு சற்று அடங்கிற்று. காலவரையறையின்றி இணையத்தை நிறுத்துவது ஆகாது என்று 2020 ஜனவரி 10இல் காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த செய்தியைப் படித்தபோதும், என் நினைவுக்கு வந்தவன் அந்தப் பிள்ளையே.

2018 கிறிஸ்து பிறப்புக்கு அக்காவின் மகன் ஊர் வந்தான். நடுச்சாமப் பூசை முடிந்து திண்ணையில் அமர்ந்தவன், விடியும்வரை பேசினான். மூன்று மாதச் சம்பளம் நிலுவையில் நின்றதும், அறைத்தோழர்களிடம் கடன் வாங்கி வீட்டுக்குப் பணம் அனுப்பியதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தன.

"இதைப் பதிவு செய்து அனுப்பியிருக்கலாமே தம்பி?" என்றேன்.

"முதலாளியைப் பற்றி அங்கிருந்து ஒரு சொல் அனுப்பினால், அது யார் காதுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும், மாமா?"

அக்கா காபி வைக்க எழுந்தாள். "உங்க அப்பாவும் கேசட்டில் நலம், நலம் என்றுதான் சொல்லுவார்" என்றாள்.