நமது பழைய காமிரா

கைப்பேசி இல்லாத கை இக்காலத்தில் அரிது. அப்படியிருக்க, டாக்குரியாவில் வாடகை வீட்டில் காலந்தள்ளும் ஒரு ரயில்வே குமாஸ்தா, பிலிம் சுருள் இட்டுப் படமெடுக்கும் பழைய காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிவானேன் என்று அன்பர் பலர் நம்மைக் கேட்டாயிற்று. "இதற்கு இன்னுமா பிலிம் கிடைக்கிறது, தம்பி?" என்றார் நவராத்திரி விழாவில் ஒரு பெரியவர். கிடைக்கிறது, விலையைத்தான் கேட்கக் கூடாது. சுருளின் விலையும் அதைக் கழுவும் கூலியும் சேர்ந்தால் ஒரு வாரக் காய்கறிச் செலவைத் தாண்டிவிடும். இல்லாள் இதனை நமக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.

காமிரா காலஞ்சென்ற தந்தையாருடையது. எஸ்பிளனேடு அருகிலுள்ள மெட்ரோ கலியில் பழைய சரக்காக அவர் வாங்கியது. ஜப்பானியக் கானன் கம்பெனியாரின் கானோனெட் கியூ எல் 17 என்னும் வகை. இதன் நெற்றியில் இரண்டு சாளரங்கள் உண்டு. ஒன்றின் வழியே நாம் பார்க்கிறோம். மற்றொன்றின் வழியே நுழையும் ஒளி, உள்ளிருக்கும் கண்ணாடியிற் பட்டு, முதற் காட்சியின் நடுவே மங்கலான இரண்டாம் பிம்பமாக விழுகிறது. தூரம் சரியாக அமையாதவரை எதிரே நிற்பவருக்கு இரண்டு மூக்குத் தெரியும். லென்சின் வளையத்தை மெல்லத் திருப்பினால் மூக்கு இரண்டும் நெருங்கி ஒன்றாகும். அப்போது விசையை அழுத்த வேண்டியதுதான். இரண்டு கண்களைக் கொண்டு நாம் தூரம் அறிகிறோமே, ஏறக்குறைய அதே முக்கோணக் கணக்கு.

லென்சு வழியே பார்க்கும் காமிராக்களில் படமெடுக்கும் கணத்தில் உள்ளிருக்கும் கண்ணாடி மேலெழும். சத்தமும் எழும், காட்சியும் ஒரு கணம் மறையும். இதில் அந்தத் தொல்லை இல்லை. சட்டத்துக்கு வெளியே யார் வருகிறார், யார் போகிறார் என்பதும் தெரிந்துகொண்டே இருக்கும். குறையும் உண்டு, ஏறக்குறைய இரண்டு முழத்துக்குள் நெருங்கிய பொருளை இது தெளிவாகப் பிடிக்காது. ஒளி அளக்கும் மானிக்கான பாதரச மின்கலம், நஞ்சென்று கருதிக் கைவிடப்பட்டது. ஆயினும் நம் காமிரா முடங்கவில்லை. அதன் கதவு வில்லின் வலிமையால் இயங்குவது. நல்ல வெயிலில் 100 வேகமுள்ள பிலிமுக்குத் துவாரம் 16, நேரம் 125-இல் ஒரு பங்கு வினாடி என்பது பழைய வாய்ப்பாடு. அதைக்கொண்டே வேலை நடக்கிறது.

இதே கானோனெட்டுக்குக் கல்கத்தாவில் ஒரு பெருமை உண்டு. 1934-இல் பிறந்த நிமாய் கோஷ் நாடக நடிகராயிருந்தவர். டாக்சியில் எவரோ விட்டுச்சென்ற ஒரு கானோனெட், நண்பர் ஒருவர் கைக்கு வந்தது. நண்பர் தரவேண்டிய 240 ரூபாய்க்கு ஈடாக அதை நிமாய் கோஷ் பெற்றுக்கொண்டார். அதனோடு சத்யஜித் ராய் எடுத்துவந்த 'கூப்பி காயின் பாகா பாயின்' படப்பிடிப்புக்குப் போனார். அந்தப் படம் 1969-இல் வெளிவந்தது. அவர் எடுத்த படங்கள் ராய்க்குப் பிடித்துப்போயின. அன்று தொட்டு ராயின் இறுதிக் காலம் வரை நிழல்போல் உடனிருந்து படமெடுத்தார். 2010-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2020-இல் காலமானார். பிலிமை விட்டு அவர் கடைசிவரை மாறவில்லை. பெயர்பெற்ற பட்டங்களைவிட அந்த 240 ரூபாய்க் கடன்தான் நம் நெஞ்சில் நிற்கிறது. நம்மவருக்கும் வராக்கடன்கள் உண்டு. ஆனால் அவற்றிற்கு யார் காமிரா தருகிறார்கள்!

சென்ற ஆண்டு அன்னையார் தென்காசியிலிருந்து வந்து நம்முடன் ஆறு மாதம் தங்கினார். கண்ணழுத்த நோயினால் பார்வை குறைந்து வருகிறது. போன பார்வை மீளாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கைப்பேசியில் பேத்தியின் படத்தைக் காட்டினால் வெளிச்சம் கூசும். விரல் பட்டதும் படம் நழுவி ஓடும். "கையில் பிடித்துப் பார்க்க ஒன்று வேண்டும்" என்றார். ஒரு சுருளை, முப்பத்தாறு படத்தையும், அவருக்கென்றே ஒதுக்கினோம். இல்லாள் அம்முறை விலையைப் பற்றிப் பேசவில்லை. பேத்திக்குத் தலை பின்னும்போது, வாசலில் கோலமிடும்போது, அண்டை வீட்டு வங்கப் பெண்கள் 'மாசிமா' என்றழைத்து ஆல்பனாவையும் கோலத்தையும் ஒப்பிட்டு வழக்காடும்போது எடுத்தோம். பல படங்கள் எடுத்தது அவருக்கே தெரியாது. அச்சுப்படங்களை ஜன்னலோரம் வைத்துக் கண்ணருகே பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேத்தி சிரிப்பவற்றைத் தனியே அடுக்கினார். தாம் இருக்கும் படங்களை நம்மிடமே திருப்பித் தந்தார்.

பிறகுதான் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். நாம் கைக்குழந்தையாயிருந்தபோது டாக்குரியா ஏரிக்கரையில் தந்தையார் எடுத்த படம் இருக்கிறதா என்று. அச்சுப்படம் வங்காளத்து மழைக்காலங்களில் பூஞ்சை பிடித்து என்றோ அழிந்துபோயிற்று. ஆனால் தந்தையார் நெகட்டிவ்களை வெட்டிக் காகித உறையிலிட்டு, பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்தியிருந்தார். இரண்டு இரவு தேடி அதைக் கண்டெடுத்து, ஒரு சாணுக்குமேல் பெரிதாக அச்சிட்டு வந்தோம். அந்நாளில் மலிவாயிருந்த கறுப்பு வெள்ளைச் சுருளில் எடுத்தது.

அன்னையார் நெடுநேரம் பார்த்தார். தம் முகத்தைப் பற்றியோ, நம் முகத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. படத்தின் ஒரு மூலையில் விரலை வைத்து, "இது கறுப்புப் புடவை இல்லை, அய்யா. அரக்கு. உங்கள் அப்பா முதல் போனசில் வாங்கித் தந்தது" என்றார்.