ஒரு பொதிக்கு எத்தனை பெயர்?

பொருளுக்குப் பெயரிடுவது எளிய காரியம் என்றே நெடுங்காலமாக எண்ணியிருந்தேன். கல்லூரியில் நாள்தோறும் பெயர்ச்சொல்லின் இலக்கணம் கற்பிப்பவனுக்கு அவ்வெண்ணம் உண்டாவது இயல்புதானே! அதனைத் தகர்த்தெறிந்தது, இரு கைகளுள் அடங்கிவிடும் ஒரு சிறு பொதி.

அட்டாளைச்சேனையில் என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் வாழ்கிறார். ஊரார் அவரை ஹாஜியார் என்பர். நானும் அவ்வாறே அழைப்பேன். நீரிழிவினாற் காலிற் புண்கண்டு வீட்டோடு கிடப்போருக்குக் கட்டு மாற்றிவிடுவதை அவர் தம் ஓய்வுக்காலத் தொண்டாகக் கொண்டவர். சுபஹுத் தொழுகை முடிந்து சைக்கிளிற் புறப்பட்டாரானால் வெயில் ஏறிய பின்னரே திரும்புவார். கைம்மாறு பெறுவதில்லை, தேநீரை மட்டும் மறுப்பதில்லை.

அவருடைய மருமகனும் தோழர்களும் வளைகுடா நாடொன்றிலே தொழில் புரிகின்றனர். அவர்கள் பணஞ் சேர்த்து, ஒருமுறை பயன்படுத்தியபின் எறிந்துவிடும் புண்கட்டுப் பொதிகளை வாங்கி, முப்பது பெட்டிகளில் கொழும்புக்குக் கப்பலேற்றினர். ஒவ்வொரு பொதியிலும் ஒரு சோடி இறப்பர்க் கையுறை, கோஸ் துணிகள், பஞ்சுருண்டைகள், ஓர் இடுக்கி, சிறு பிளாஸ்டிக் தட்டு, ஒரு விரிப்பு ஆகியன இருந்தன. யாவும் கிருமி நீக்கி ஒரே உறையுள் அடைக்கப்பட்டவை.

ஒரு மாலை, மஃரிபுத் தொழுகைக்குப் பின் ஹாஜியார் ஒரு கடிதத்துடன் வந்தார்.

"சேர், இது மருந்தா, சீலையா, கருவியா எண்டு கேட்டு எழுதியிருக்காங்க. நான் என்னெண்டு பதில் எழுதுற?"

வாங்கிப் படித்தேன். பிழை எங்கள் பக்கத்ததே. அனுப்பியோர் தம் பட்டியலில் 'மருத்துவப் பொருள்கள், 30 பெட்டிகள்' என்று எழுதியதோடு அமைந்துவிட்டனர். அதனுள் எதுவும் இருக்கலாம் அன்றோ? கேட்பவர் கேட்டது நியாயமான கேள்வி.

"புண் கட்டும் பொருள் என்று எழுதிவிடுவோம், ஹாஜியார். இதற்கென்ன யோசனை?" என்றேன். அது எத்துணைப் பேதைமை என்பது, தீர்வைப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கிற்று.

கப்பலேறும் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் எண் உண்டு. வணிகர் அதனை எச்.எஸ். குறியீடு என்பர். 1983ஆம் ஆண்டு பிரசெல்ஸ் நகரில் நிறைவேறி, 1988இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை ஒன்று, உலகப் பண்டங்கள் அனைத்தையும் 21 பகுதிகளாகவும் 97 அத்தியாயங்களாகவும் வகுத்து வைத்திருக்கிறது. அவற்றுள் 77ஆம் அத்தியாயம் வருங்காலப் பண்டங்களுக்கென வெறுமையாகவே விடப்பட்டுள்ளது! நம் நாட்டுத் தீர்வைப் புத்தகமும் இம்முறையைத் தழுவியதே.

எங்கள் பொதியை அதில் வைத்துப் பார்த்தேன். கோஸ் துணி 3005ஆம் எண்ணிலே, மருந்துகளின் அத்தியாயத்தில் இருந்தது. இறப்பர்க் கையுறை 4015. பிளாஸ்டிக் தட்டு 3926. துணிவிரிப்பு 6307. வைத்தியர் கையாளும் இடுக்கி 9018. ஒரே உறையுள் ஒற்றுமையாய் இருந்த குடும்பத்தை ஐந்து வீடுகளிற் பிரித்துக் குடியேற்றியது போலாயிற்று. முதலுதவிப் பெட்டிக்கு 3006 என்ற எண்ணில் தனியிடம் உண்டென்று கண்டு மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியும் நிலைக்கவில்லை. சிறிதளவு மருந்து, சில கட்டுகள், ஒட்டுப் பிளாஸ்தர், கத்தரிக்கோல் முதலியன அடங்கிய பெட்டியையே அது கருதுகிறது. வைத்தியர் கொண்டுசெல்லும் பெரிய பைகூட அங்கே சேராது, அதற்கு 9018தான். எங்கள் பொதியிலோ மருந்தென்று ஒரு துளியும் இல்லை.

எண் எதுவாயிருந்தால் என்ன என்று வாசகர் கேட்கலாம். எண்ணைக் கொண்டே தீர்வை கணிக்கப்படும். எண்ணைக் கொண்டே இன்னும் எந்தெந்த வாயிலைக் கடக்கவேண்டும் என்பதும் தெரியவரும். நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளை மட்டுமன்றி மருத்துவச் சாதனங்களையும் ஒழுங்குபடுத்துகிறது. பெயர் மயங்கினால் பெட்டி நிற்கும். பெட்டி நின்றாலும் உறைமேல் அச்சிட்ட காலாவதித் திகதி நில்லாது.

பெயரில்லாப் பெட்டிகளை எங்கள் கரை முன்னரும் கண்டதுண்டு. 2004 மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பொழுது நான் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞன். பாடசாலை மண்டபம் ஒன்றில் நிவாரணப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் பணியில் ஈடுபட்டேன். வெளியே ஒன்று எழுதியிருக்கும். உள்ளே வேறொன்று இருக்கும். எங்களுள் எவராலும் வாசிக்கமுடியாத மொழியில் எழுதிய மருந்துப் புட்டிகளும் இருந்தன. தாதி ஒருவர் அவற்றைத் தொட அஞ்சி ஒரு மூலையிலே ஒதுக்கி வைத்தார். அனுப்பியவரின் அன்பு பெரிதுதான். ஆனாற் பெயர் தெரியாத அன்பு அந்த மூலையிலேயே கிடந்தது. நன்கொடை மருந்தின் மேற்றாள் பெறுவோருக்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும் என்றும், வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டுக் காலமேனும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 1996லேயே நெறி வகுத்திருந்ததைப் பின்னாளிற் படித்தறிந்தேன்.

இனிப் பொதிக்கு வருவோம். ஐந்து வீட்டுக்கும் உரிய பொருளை எங்கே சேர்ப்பது? அதற்கும் அவ்வுடன்படிக்கை விதி வகுத்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட தேவையை நிறைவேற்றுவதற்காக வெவ்வேறு பொருள்களைச் சேர்த்து, மீளப் பொதி செய்யாமல் அப்படியே பயன்படுத்துவோரிடம் கொடுக்கத்தக்கதாய் அமைத்திருந்தால், அதனை ஒரு தொகுதியாகக் கொள்ளலாம். அத்தொகுதிக்குத் தன் முதன்மைத் தன்மையைத் தருவது எந்த உறுப்போ, அதன் எண்ணே முழுவதற்கும் எண்ணாகும். பருமன், அளவு, எடை, விலை, செய்யும் தொழில் ஆகியவற்றைச் சீர்தூக்கி அதனைக் காணவேண்டும். அப்படியும் துணியமுடியாவிடின், பொருத்தமான எண்களுள் வரிசையிற் கடைசியாக வருவதைக் கொள்ளவேண்டும்.

இதைப் படித்ததும் எனக்கு நகை வந்தது. நான் வகுப்பிலே கற்பிக்கும் தொகைநிலைத் தொடர் அல்லவா இது! வேங்கைப்பூ என்னுந் தொகையிற் பொருள் பூவின்மேல் நிற்கிறது. இராப்பகல் என்பதிலே இரண்டின்மேலும் நிற்கிறது. பொற்றொடி வந்தாள் என்றாலோ, வந்தது பொன்னும் அன்று, தொடியும் அன்று, அணிந்தவள் வந்தாள். சொற்கள் சேர்ந்தபின் பொருள் எங்கே நிற்கிறது என்று இலக்கண நூலார் ஆராய்ந்தனர். பண்டங்கள் சேர்ந்தபின் தன்மை எங்கே நிற்கிறது என்று தீர்வை நூலார் ஆராய்கின்றனர். ஆனால் அவர்கள் நூலில் அன்மொழித்தொகைக்கு இடமில்லை. உறையுள் இருக்கும் ஏதேனும் ஒன்றன்மேலேயே பொருளை நிறுத்தியாகவேண்டும். எங்கள் பொதியின் உண்மைப் பொருளோ உறைக்கு வெளியே, ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையிற் காலை நீட்டி இருந்தது.

ஆயினும் விதியைக் குறைகூற மனம் வரவில்லை. ஒழுங்கில்லையேல், ஒரு முழம் கோஸ் துணியை மேலே வைத்து அடியில் எதனையும் ஒளித்துவிடலாமே!

அன்றிரவே நாங்கள் கடிதம் எழுதினோம். பொதியில் அடங்கிய ஒவ்வொரு பொருளின் பெயர், செய்த மூலப்பொருள், எண்ணிக்கை, கிருமி நீக்கிய செய்தி, ஒருமுறைப் பயன், காலாவதித் திகதி யாவற்றையும் வரிசையாகக் குறித்தோம். புண்ணை மூடும் துணியே முதன்மையென்றும், ஏனையவை அதற்குத் துணையென்றும், ஆதலால் 3005 பொருந்தும் என்று கருதுவதாகவும் எழுதினோம். முடிவு அலுவலருடையதே என்று பணிவுடன் முடித்தோம்.

பொதியொன்றைத் திறந்து பார்த்தபின் அவர்கள் அவ்வெண்ணையே ஏற்றனர். எனினும் பெட்டிகள் ஊர் வந்து சேர ஆறு வாரங்கள் சென்றன. அதுவரை ஹாஜியாரின் மனைவி பழைய பருத்திச் சீலைகளைக் கிழித்து அவித்துக் கொடுத்தார். அவர் கட்டு மாற்றிவந்த மீனவர் ஒருவர் அவ்விடைக்காலத்தில் ஒரு கால்விரலை இழந்தார். தாமதத்தால் நேர்ந்தது என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. நீரிழிவுப் புண்ணின் போக்கு அத்தகையது. ஆனால் முதற் பெட்டியைத் திறந்தபொழுது ஹாஜியார் மகிழவில்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு வரி ஒழுங்கா எழுதியிருந்தா, சேர்..." என்றார். வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியிருக்கும் பெற்றோர் எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு உளர். ஊருக்கு உதவ நினைக்கும் அப்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்: அனுப்புமுன் கேளுங்கள், பெட்டியுள் இருப்பதைப் பெட்டிமேல் எழுதுங்கள், ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். பணத்தோடு அரைமணி நேரப் பொறுமையும் சேர்ந்தால்தான் அது உதவியாகும்.